ஈரப் பையிலும் வாடும் செடி: தும்புத்தூள் உப்பும் வறட்சியும்

பெப்ரவரி வெயிலில் பொலித்தீன் கூடாரத்துக்குள் கறிமிளகாய் தலை தொங்கினால் உடனே குழாயைத் திறக்காதீர்கள். செடி நிற்கும் தும்புத்தூள் (தேங்காய் மட்டைத் தூள்) பையைத் தூக்கிப் பாருங்கள். இலேசாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. கனமாக இருந்தும் வாடினால் உப்பு, இல்லாவிட்டால் வேரழுகல். ஓரத்தைக் கிளறினால் தெரியும்: வேர் பழுப்பாகி உரிந்து வந்தால் அழுகல், வெள்ளையாக இருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். நுவரெலியாப் பக்கம் இன்னொன்றும் உண்டு. உறைபனி விழுந்த இரவுக்குப் பின் வேர் குளிர்ந்து கிடக்கும், மேலே வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த வாட்டம் பை சூடேறியதும் தானே தெளியும்.

செடிக்கு வறட்சியும் உப்பும் ஏறக்குறைய ஒரே கஷ்டம். வேரைச் சுற்றிய நீரில் உப்புக் கூடினால், நீர் இருந்தும் இழுக்க முடியாது. இரண்டிலும் இலைத்துளைகள் மூடும், புதிய இலை சிறுத்துக் கரும்பச்சையாகும். உப்பில் பழைய இலைகளின் ஓரமும் கருகும். பையிலுள்ள நீரில் பாதி வற்றினால், மிச்சத்தில் உப்பின் செறிவு இரட்டிப்பாகிவிடும். அப்படிக் காயவிட்ட பைக்கு, செடி தேறட்டும் என்று அல்பேர்ட் கலவையை (நீரில் கரைக்கும் உரக் கலவை) கூட்டி ஊற்றுவதைப் போல் கெடுதல் வேறில்லை.

மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் பொதுவாக உப்புக் குறைவு. தும்புத்தூளும் உரமும்தான் அதைக் கொண்டுவருகின்றன. உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் சோடியமும் குளோரைட்டும் நிறைய இருக்கும். 5 கிலோ தும்புத்தூள் கட்டியை ஊறவைத்து, வடிநீரின் ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) செ.மீ.க்கு 0.5 மில்லிசீமன்ஸுக்குக் கீழே வரும்வரை அலசுங்கள். பிறகு ஏறத்தாழ 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றைக் கரைத்து ஊற்றி, ஒரு நாள் விட்டு, மீண்டும் அலசுங்கள். வெறும் தண்ணீர் கரைந்த உப்பைத்தான் கழுவும். தூளில் ஒட்டிய சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளக் கல்சியம் வேண்டும். இதைச் செய்யாத தூளில் முதல் கொத்துத் தக்காளியே கல்சியம் போதாமல் அடி கறுத்து நிற்கலாம். இலையில் கல்சியம் தெளித்துப் பெரிய பலனில்லை, இலையிலிருந்து அது காய்க்கு இறங்காது.

உரநீரின் ஈ.சி. சலாதுக்கு 1.0 முதல் 1.4, கறிமிளகாய்க்கும் வெள்ளரிக்கும் 2 அளவில், தக்காளிக்கு 2 முதல் 3. காற்று வறண்ட நாட்களில் 0.3 குறையுங்கள்: அப்போது செடி உரத்தைவிட நீரையே அதிகம் குடிக்கும். தண்ணீரை ஒரேயடியாக விடாமல், 100 மில்லிலீற்றர் அளவில் பல தடவை விடுங்கள். ஊற்றியதில் 20 முதல் 30 சதவீதம் பையின் அடியால் வடியட்டும். தண்ணீர் தட்டுப்பாடென்று இந்த வடிகாலை அடைப்பவர்கள் உண்டு; அவர்கள் மிச்சம் பிடிப்பது உப்பைத்தான்.

கிழமைக்கு இரு தடவை வடிநீரின் ஈ.சி.யை அளவிடுங்கள். ஊற்றியதைவிட ஈ.சி. 1 கூடிவிட்டால், காலையிலேயே 10 லீற்றர் பைக்கு 5 லீற்றர் அரைச்செறிவு உரநீரை மெதுவாக விட்டு மறுபடி அளவிடுங்கள். பழுக்கும் தக்காளிக்கு வெறும் தண்ணீரை மொத்தமாக விட்டால் பழம் வெடிக்கும். கொஞ்சம் உப்பேறிய பையில் பழம் சிறுத்தாலும் இனிக்கும், அதற்காகவே ஈ.சி.யைக் கூட்டுகிறவர்களும் உண்டு. கறிமிளகாயில் அந்த விளையாட்டு வேண்டாம், காய் சிறுக்கும்.

வரிசையில் ஒரு செடி மட்டும் வாடினால் இவ்வளவும் தேவையில்லை. முதலில் அதன் சொட்டுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.