படகு படுதா தைக்கப் போறீங்களா, முதல்ல நூலைப் பாருங்க

நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கட்டியே கெடக்கும், வின்ச் (வலை இழுக்குற மிஷின்) கவரு, வீல்ஹவுஸ் (படகு ஓட்டுற ரூம்) படுதா எல்லாம் மாத்துறதுக்கு அதான் தோதான நேரம். எங்க பழைய வின்ச் கவரை கழட்டிப் பாத்தா துணி இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும் போல இருக்கு, ஆனா கைய வெச்சு இழுத்தா தையல் பர்ருன்னு பிரியுது. வெயில் முதல்ல நூலைத்தான் தின்னும். அதனால துணிக்கு பேரம் பேசுங்க, நூலுக்கு பேசாதீங்க. தடிமனான பாலியஸ்டர் நூல் வாங்குங்க, நைலான் இழுத்தா கெட்டியா இருக்கும் ஆனா வெயில்ல அதைவிட சீக்கிரம் போயிடும்.

துணிக்கு வருவோம். பருத்தி கித்தான் காத்து விடும், நனைஞ்சா இழை ஊதி தையல் ஓட்டையக்கூட கொஞ்சம் அடைச்சிக்கும், ஆனா சுருங்கும், ஈரத்தோட மடிச்சு வெச்சா பூசணம் புடிச்சு இத்துப்போகும். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நனைச்சு காயப்போட்ருங்க. பிவிசி பூசுன தார்ப்பாய்ல சொட்டு தண்ணி எறங்காது, ஆனா உள்ள வேர்த்து இரும்பு துரு ஏறும். சன்பிரெல்லா மாதிரி அக்ரிலிக் துணியில சாயத்தை இழையிலேயே ஏத்திடுவாங்க, அதனால சீக்கிரம் வெளுக்காது, விலையக் கேட்டா நமக்குத்தான் வேர்க்கும். நீலக்கலர் பிளாஸ்டிக் ஷீட்டு தைக்கவே தைக்காதீங்க, ஊசி போன வழியே கிழிஞ்சிட்டுப் போகும்.

பழைய கவரை தூக்கிப் போட்றாதீங்க, அதான் உங்க அளவு. ஒரு பாதிய மட்டும் பிரிங்க, மறுபாதி அப்படியே இருக்கட்டும், எந்த மடிப்பு எதுக்கு மேல வருதுன்னு அதப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும். பிரிக்கிறப்பவே இடது வலது மேல் கீழ்னு மார்க்கர்ல எழுதிடுங்க. பழசு இழுத்தோ சுருங்கியோ இருக்கும், அதனால வின்ச் மேல டேப் வெச்சு ஒரு தடவை அளந்துடுங்க, தையலுக்கு ஒன்றரை இஞ்ச் விடுங்க.

தைக்கும்போது ரெண்டு ஓரத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு ரெட்டைத் தையல், ஜீன்ஸ் பேண்ட் கால் உள்பக்கத் தையல்ல இருக்கே அதே மாதிரி, வெட்டுன விளிம்பு வெளிய தெரியக்கூடாது. 18 நம்பர் ஊசி போடுங்க. தையல் நெருக்கமா போட்டா பலம்னு நெனைக்காதீங்க, பிவிசில அது ஸ்டாம்ப் ஓரம் மாதிரி கிழிஞ்சு வந்துடும், 4, 5 மில்லிமீட்டர் விட்டு போடுங்க. குண்டூசி குத்துனாலும் ஓட்டை அப்படியே நிக்கும், துணி காயப்போடுற கிளிப்பு போதும். வீட்டு மிஷின்னா மடிப்பு சேர்ற எடத்துல சக்கரத்தை கையால சுத்துங்க, அதுக்கும் மசியலன்னா ஆட்டோ சீட் தைக்கிற கடைக்கு கொண்டுபோங்க, அவங்ககிட்ட பெரிய மிஷின் இருக்கும்.

கயிறு போடுற மூலைக்கெல்லாம் உள்பக்கம் ஒரு துண்டு ஒட்டு கொடுத்துட்டு ஐலெட் (கயிறு நுழையுற உலோக வளையம்) அடிங்க. பித்தளைன்னு சொல்லி குடுப்பாங்க, கடையிலேயே காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா இரும்பு, வேண்டாம். கீழ் ஓரத்துல நாலு விரக்கடை சந்து விடுங்க காத்து போகட்டும், மேல தண்ணி தேங்காம நடுவுல ஒரு மூங்கில் முட்டு கொடுத்து சரிவா கட்டுங்க.