குட்டி கேலக்ஸி, கோளக் கொத்து: புதுசா ஸ்கோப் வாங்குனவங்க பண்ற தப்புங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துத் திடல்ல ராத்திரி டெலஸ்கோப்போட நிக்கிற பசங்க கூடிட்டாங்க, சந்தோஷம்தான், ஆனா ஆரம்பத்துல நாங்க முட்டிக்கிட்ட அதே செவுத்துல இவனுங்களும் போய் முட்டுறத பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியல. ஃபோகஸ், லென்ஸ்ல பனி, மில்லு லைட்டு எல்லாம் தானா பழகிடும், விடுங்க. நான் சொல்ல வந்தது குட்டி கேலக்ஸியும் (சின்ன சைஸ் கேலக்ஸி) கோளக் கொத்தும் (பந்து மாதிரி நெருக்கமா சேந்த நட்சத்திரக் கூட்டம்) பாக்குறப்ப வர்ற தப்புங்க.

மேக்னிடியூட் (வெளிச்ச அளவு) நம்பர நம்பி காச கொட்றது

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சல். மில்லுல ஓ.டி. பாத்து சேத்த வெள்ளிய எல்லாம் போட்டு ஒரு தம்பி 12 இஞ்சு கண்ணாடி வெச்ச டாப்சோனியன் டெலஸ்கோப் எறக்கிட்டான். "அண்ணே, ஃபோர்னாக்ஸ் குட்டி கேலக்ஸி 9.3தான், அதுக்குள்ள இருக்குற என்.ஜி.சி. 1049 கொத்து 12க்கு மேல. நம்பர் கம்மின்னா பளிச்சுன்னுதானே? அப்ப கேலக்ஸி ஈஸிதானே?" வித்தவனும் ஆமா போட்டிருக்கான்!

9.3ங்கிறது மொத்த வெளிச்சத்தையும் கூட்டி வர்ற கணக்கு. அந்த வெளிச்சம் முழு நிலாவ விட அகலமா பரவிக் கெடக்கு, அதனால எந்த எடத்த பாத்தாலும் நம்ம வானத்தோட சொந்த வெளிச்சத்த விட மங்கல். ஒரு கரண்டி நெய்ய ஒரு இட்லியில ஊத்துறதும் ஒரு அண்டா சோத்துல ஊத்துறதும் ஒண்ணா? கண்ணாடி பெருசானா கேலக்ஸியோட சேந்து வானமும்தான் வெளுக்கும், வித்தியாசம் கூடாது.

கொத்து அப்படி இல்ல, அதோட வெளிச்சம் பூரா ஒரு புள்ளி எடத்துல. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1835ல தென்னாப்பிரிக்காவுல கண்ணால பாத்தது இந்த 1049தான், சுத்தி ஒரு கேலக்ஸியே இருக்குன்னு 1938லதான் ஹார்லோ ஷாப்லி ஃபோட்டோ தட்டு மூலமா சொன்னாரு. வானம் தெளிஞ்ச ஒரு டிசம்பர் ராத்திரி தம்பிக்கு அத காட்டுனேன், நேரா பாக்காம கொஞ்சம் ஓரமா பாருடான்னு சொன்னப்புறம், பக்கத்து நட்சத்திரமெல்லாம் ஊசியா இருக்க இது மட்டும் பஞ்சு மாதிரி மெத்துன்னு தெரிஞ்சுச்சு. "இதுக்கா அண்ணே இவ்ளோ காசு?" இதுக்கு 8 இஞ்சே போதும்லா.

எம்54 நம்ம பால்வீதியில பொறந்ததுன்னு நெனைக்கிறது

மெஸ்ஸியேங்கிற பிரெஞ்சு வானியலாளர் 1778ல கண்டுபிடிச்ச கொத்து இது. 1994ல சஜிட்டேரியஸ் குட்டி கேலக்ஸி சிக்குனப்பதான் தெரிஞ்சுது, இது அதோட நடுவுல உக்காந்திருக்கு. டெர்சான் 7, டெர்சான் 8, ஆர்ப் 2 எல்லாம் அதே குடும்பம். பால்வீதி அந்த கேலக்ஸிய பிச்சு முழுங்கிட்டிருக்கு, கொத்துங்க கொஞ்சம் கொஞ்சமா நம்ம கணக்குல சேருது, பாலோமார் 12 ஏற்கனவே அப்படி வந்ததுதான்.

எல்லா குட்டி கேலக்ஸியிலயும் கொத்து தேடுறது

ஃபோர்னாக்ஸ்ல ஆறு. டிராகோவுல ஒண்ணு கூட இல்ல.

குட்டி கேலக்ஸியையும் கொத்தையும் ஒண்ணுன்னு குழப்புறது

கேலக்ஸியில கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்ப மட்டும் காட்டுற பொருள்) ரொம்ப, கொத்துல கிட்டத்தட்ட கெடையாது.

ஒமேகா சென்டாரி வெறும் கொத்துன்னு அடிச்சுப் பேசுறது

17,000 ஒளியாண்டு தூரம், ஒரு கோடி நட்சத்திரம் இருக்கும்ங்கிறாங்க. சாதாரண கொத்துல எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்துல பொறந்திருக்கும், இதுல பல வயசு, பல கலவை. எப்பவோ பால்வீதி தின்னுட்ட ஒரு குட்டி கேலக்ஸியோட மிச்ச நடுப்பகுதின்னுதான் நெறய பேர் நெனைக்கிறாங்க, 2024ல உள்ள ஒரு நடுத்தர கருந்துளைக்கு ஆதாரமும் வந்துருச்சு. ஜூன் ஆரம்பத்துல ராத்திரி பத்து மணிக்கு தெக்கால செம்பனை மரத்துக்கு மேல நிக்கும், பைனாகுலரே போதும்.