பேக்கட்டில் 52, பில்லில் 55: எல்லை தாண்டி வாங்கிய பொருளில் விலை கூடினால்

குமரி மாவட்ட எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்காரர்களுக்குக் கேரளத்துப் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் பக்கத்துக் கடைத்தெருதான். ஆனால் பில்லில் விலை கூடிவிட்டால் மட்டும், "கேரளத்துக் கடை, அங்கே போய் யார் கேஸ் நடத்துவது" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே போகவே வேண்டாம். அதற்கு முன்னால், மாறியது எந்த விலை என்று பாருங்கள்.

பேக்கட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. தனியாக ஜி.எஸ்.டி. போடுவதும், பஸ் ஸ்டாண்டில் 'கூலிங் சார்ஜ்' என்று இரண்டு ரூபாய் கேட்பதும் மீறல்தான். குறைந்த விலை ஸ்டிக்கர் ஒட்டலாம். பழைய விலையை அது மறைக்கக் கூடாது.

ரேக்கில் செருகிய விலைச்சீட்டு அவ்வளவு கெட்டியில்லை. சீட்டில் 180, எம்.ஆர்.பி. 225, கவுண்டரில் 210 என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் முன்பே கண்டுபிடித்தால், "சீட்டு பழசு" என்று கடைக்காரர் விற்க மறுக்க இடமுண்டு. நீங்களும் பொருளை வைத்துவிட்டு வரலாம். 180 என்று காட்டிவிட்டு 210 வாங்கியிருந்தால் கதை வேறு. காட்டிய விலைக்கு மேல் வாங்குவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகாராகக் கொண்டுபோகலாம்.

பெரும்பாலும் இது திருட்டுத்தனம் இல்லை, கம்ப்யூட்டர் கோளாறு. பழைய சரக்கு 52, புதுச் சரக்கு 55, இரண்டுக்கும் பார்கோடு ஒன்றே. ஸ்கேன் செய்ததும் திரையில் இரண்டு விலையும் வரும்; அவசரத்தில் முதலில் நிற்பதைத் தட்டிவிடுவார்கள். பில்லில் எம்.ஆர்.பி. என்று ஒரு பத்தி இருந்தால் அதைப் பேக்கட்டோடு ஒப்பிடுங்கள். அடியில் வரும் 'உங்கள் சேமிப்பு' தொகையை நம்பாதீர்கள். அது கம்ப்யூட்டரில் ஏறிய எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு.

நம் பக்கத் தவறும் உண்டு. 500 கிராம் சீட்டுக்கு மேல் யாரோ 400 கிராம் பேக்கட்டை வைத்துப் போயிருப்பார்கள். சில்லறையாக நிறுக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் போர்டில் விலை பெரிதாகவும் '100 கிராம்' பொடி எழுத்திலும் இருக்கும்.

விலை மாறியிருந்தால் முதல் வேலை போட்டோ. சீட்டும் பேக்கட்டும் ஒரே படத்தில் விழட்டும், எடையும் தேதியும் தெரியட்டும். அடுத்து பில்லையும் படம் எடுங்கள், வெப்பத்தில் அச்சடிக்கும் பில் சில மாதத்தில் வெளிறிவிடும். யூ.பி.ஐ. ரசீது மொத்தத் தொகையைத்தான் காட்டும், பொருள்வாரி விலைக்கு அது சாட்சியாகாது. பில் தர மறுப்பதே தனிக் குற்றச்சாட்டு. பிறகு கவுண்டரில், "சேட்டா, பேக்கட்டில் 52, பில்லில் 55, பில் மாற்றித் தரணம்" என்றால் பத்தில் எட்டு கடையில் அங்கேயே முடிந்துவிடும். படம் எடுக்காமல் பழைய பில்லைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

முடியவில்லையா? 1915க்குத் தமிழிலேயே பேசலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அபராதம் போட வைக்க வேண்டுமானால், கடை இருக்கும் மாநிலத்தில் புகார் கொடுக்க வேண்டும்: கேரளத்தில் எடை, அளவு, பொட்டல விதிகளைக் கவனிக்க லீகல் மெட்ராலஜி என்றே தனித் துறை, தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை. அந்த அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது.

பணமும் நஷ்டஈடும் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எல்லைக்காரர்களுக்கு 2019 நுகர்வோர் சட்டம் செய்த பெரிய உபகாரம் 34ஆவது பிரிவு: நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நெய்யாற்றின்கரைக் கடைமேல் நாகர்கோவிலில் மனு கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனுவை ஏற்றலாம். கெடு 2 வருடம். முதலில் கடைக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை மனுவோடு சேருங்கள். மூன்று ரூபாய்க்கு மூன்று லட்சம் கேட்காதீர்கள். கூடுதல் தொகை, செலவு, நியாயமான நஷ்டஈடு என்று தனித்தனியே எழுதுங்கள்.

இரண்டு இடத்தில் எம்.ஆர்.பி. வாதம் எடுபடாது. உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அங்கே மெனு கார்டு விலையைத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று 26 கிலோ அரிசி மூட்டை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான மூட்டைக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் அதைத் தவிர்க்க முளைத்த அளவு அது. பொட்டல விதியும் அதே 25 கிலோவுக்கு மேல் பொருந்தாது என்பதால், அங்கே கடைப் பலகையும் பில்லும்தான் உங்கள் ஆதாரம்.