விசிறி வாழை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் புது வீடோ மண்டபமோ கட்டினால் வாசலுக்கு விசிறி வாழை கேட்கிறார்கள். வாழை மாதிரி இலை விட்டு, விசிறி போல விரியும் அழகு மரம் இது. தோட்ட வேலைக்குப் புதிதாக வரும் பையன்களும், அந்தக் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே செய்கிறார்கள். தண்ணீர், எரு பற்றி எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

முகம் பார்க்காமல் நடுவது

இதன் மட்டைகள் சுற்றிலும் வராது. இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டே வரிசை. முன்னால் நின்றால் மயில் தோகை. பக்கவாட்டில் நின்றால் மட்டைகளின் விளிம்பு மட்டும்தான் தெரியும்.

"மடகாஸ்கர் மரம் சார், தானாகவே கிழக்கு மேற்காகத் திரும்பிக்கும்" என்று ஒரு பேச்சு இன்னும் ஓடுகிறது. கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அது திரும்பாது. நட்ட முகம் நட்டதுதான்.

கிருஷ்ணகிரியில் ஒரு திருமண மண்டபத்தில் இந்தப் பேச்சை நம்பி, கேட்டின் இரு பக்கமும் விளிம்பு ரோட்டைப் பார்க்க நட்டுவிட்டார்கள். கன்றாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. வளர்ந்ததும் ஒரு பக்க மட்டைகள் ரோட்டுக்கு நீண்டன. போகிற லாரியெல்லாம் கிழித்தது. மறுபக்கம் போர்டிகோவில் இடித்தது. ரோட்டுப் பக்கத்தை வெட்டினால் பாதி விசிறிதான் மிஞ்சும். கடைசியில் கிரேன் வைத்துத் தூக்கித் திருப்பி நட்டார்கள். வாடகை மரத்தின் விலையைத் தாண்டியது. ஒன்று பிழைத்தது, இன்னொன்றுக்குக் குருத்து அழுகிப் போனது.

கவரில் இருக்கும்போதே கன்றை மேலிருந்து பாருங்கள். மட்டைகளின் அடி ஒரே கோட்டில் நிற்கும். குழிக்குக் குறுக்கே ரோட்டுக்கு இணையாகக் கயிறு கட்டி, அந்தக் கோட்டை அதற்கு நேராக வையுங்கள். மண் தள்ளும் முன் ரோட்டில் போய் நின்று ஒருமுறை பாருங்கள். இவ்வளவுதான் வேலை. இதைக்கூடச் செய்யாமல் நடுகிறார்களே!

சுவரை ஒட்டி நடுவது

ஒரு இலையே காம்போடு 3 மீட்டருக்கு மேல் போகும். மரம் 10 மீட்டரைத் தாண்டும். மேலே கரண்ட் கம்பி இருந்தால் வேறு செடி வையுங்கள்.

பக்கக்கன்றை விட்டுவைப்பது

சின்னதிலேயே தோண்டி எடுங்கள். விட்டால் விசிறி போய்ப் புதர்தான்.

கிழிந்த இலையை வெட்டுவது

ஆடிக் காற்றில் கிழியத்தான் செய்யும். பச்சை இருக்கும்வரை அதுதான் மரத்துக்குச் சோறு. காய்ந்த மட்டையை மட்டும் அறுங்கள். தர்மபுரிப் பக்கம் திறந்த மேட்டில் வைப்பவர்கள் தென்மேற்கில் ஒரு மறைப்பு கொடுங்கள்.

மட்டைத் தண்ணீரைக் குடிப்பது

மட்டை இடுக்கில் குடிக்கத் தண்ணீர் இருக்கும் என்று சொல்வார்கள். குடிக்க வேண்டாம். இடுக்கில் தேங்கும் மழைத்தண்ணீர் அது. தூசியும் பூச்சியும் ஊறிக் கிடக்கும், கொசுவும் முட்டையிடும். ஐப்பசி மழை விட்டதும் பைப்பால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவி விடுங்கள்.