மருத்துவமனையில் தன்னார்வப் பணி தேடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என்ன வேலை கொடுத்தாலும் செய்கிறேன்" என்று மருத்துவமனை வரவேற்பு மேசையில் போய் நிற்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதன் பிறகு அழைப்பு வராது. அங்கே ஆள் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எந்த வேலையும் செய்வேன் என்று வருபவருக்கு யாராவது ஒருவர் வேலையைக் கண்டுபிடித்து, சொல்லிக்கொடுத்து, மேற்பார்த்து, தவறு நடந்தால் பதிலும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஓய்வில்லாத ஒரு செவிலியர் அந்தச் சுமையை ஏன் ஏற்பார்?

எனவே மருத்துவமனையின் பெயரிலிருந்து தேடலைத் தொடங்காதீர்கள். நோயாளி வீட்டிலிருந்து புறப்பட்டு, சிகிச்சை முடிந்து, மறுபடி வீட்டில் படுக்கும் வரையுள்ள வழியைப் பாருங்கள். அதில் எந்தெந்த இடத்தில் அவர் துணையின்றி நிற்கிறாரோ, உங்களுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. சிற்றூரிலிருந்து கீமோதெரபிக்காகச் சென்னைக்கு வரும் ஒருவர் காலையில் ஓபி சீட்டு வாங்க வேண்டும். ஸ்கேன் வேறு கட்டடத்தில் இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறு எழுத்தில் அதே பெயர் என்றால் அங்கேயே வேலை நின்றுவிடும். அட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவாகிறது. அதற்கு முன் வருவாய்த் துறையில் சான்று வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறும் ஒருவரால், அதுவும் உடம்பு முடியாத நேரத்தில், இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியுமா? இந்தப் படிகளை முழுவதுமாகக் கற்றுக்கொண்ட ஒரு தன்னார்வலர், வார்டில் பழம் கொடுத்துவிட்டுப் போகும் பத்துப் பேரைவிடப் பயனுள்ளவர்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தவறுகிறார்கள். வரவேற்பு மேசைக்கோ வாயிற்காவலருக்கோ அனுமதி தரும் அதிகாரம் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் கல்லூரி முதல்வர் (டீன்) அல்லது நிலைய மருத்துவ அலுவலர். மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அல்லது கண்காணிப்பாளர். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் வட்டார மருத்துவ அலுவலர். தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார். முதலில் அவரைப் பாருங்கள். எந்த நோயாளிக்கு எது இல்லை என்பது அந்த ஒருவருக்குத்தான் முழுக்கத் தெரியும்.

கொண்டுபோகும் கடிதம் ஒரு பக்கம் போதும். வயது, தெரிந்த மொழிகள், வாரத்தில் எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை மாதங்களுக்கு வர முடியும், செய்யக்கூடிய ஒரு குறிப்பிட்ட வேலை, உங்களை அறிந்த இரண்டு பேரின் தொடர்பு. "செவ்வாய்தோறும் காலை 7.30 முதல் 11 வரை, ஆறு மாதங்களுக்கு, புறநோயாளிகளைப் பரிசோதனைக் கூடம் வரை அழைத்துச் செல்ல" என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதத்துக்குப் பதில் வர வாய்ப்பு உண்டு. சமூக சேவையில் உங்களுக்குள்ள ஆர்வத்தைப் பற்றி மூன்று பத்தி எழுத வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவேன் என்பது

அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிகள் பிரிவின் நெரிசல் வார நாட்களின் காலையில்தான். ஞாயிறன்று அது பெரும்பாலும் இயங்காது. ஞாயிறு மட்டுமே ஓய்வு கிடைப்பவர் அங்கே வந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, மனமும் சோர்ந்துவிடும். அவர்களுக்குப் பொருந்தும் வேலைகள் வேறு: கண் சிகிச்சை முகாம், ரத்த தான முகாம், வீட்டில் படுத்திருப்பவர்களைப் பார்த்து வருவது, தொலைபேசியில் நினைவூட்டுவது.

கண் முகாம் ஒரு நல்ல தொடக்கம். 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, உள்ளூர் அமைப்புகள் பொறுப்பேற்கும் முகாம்களைக் கொண்டே கிராமங்களை எட்டியது. பரிசோதனை மருத்துவக் குழுவின் வேலை. ஊருக்குச் செய்தி சொல்வது, இடம், தண்ணீர், மின்சாரம், வரிசை, முதியவர்களைக் கைபிடித்து அழைத்துப் போவது எல்லாம் உள்ளூர்க்காரர்களுடையது. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, முகாம் நாளோடு கடமை முடிந்தது என்று நினைப்பது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வர வேண்டும். சொட்டு மருந்தை நிறுத்திவிட்டாரா, கண் சிவந்திருக்கிறதா என்று அந்த இடைவெளியில் வீட்டுக்குப் போய்க் கேட்பவர் இருந்தால் கிடைத்த பார்வை தங்கும்.

சர்க்கரை, ரத்த அழுத்த முகாம்களிலும் இதே கதைதான். இருநூறு பேருக்கு அளந்து எழுதிக் கொடுப்பார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்கள் அடுத்த வாரம் எங்கே போனார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் சேரும் முகாமில், மேல் சிகிச்சைக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதித் தருகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவருக்குப் பக்கத்தில் மட்டும் வேலை தேடுவது

ஆள் பஞ்சம் மிகுந்த இடம் வலி தணிப்புச் சிகிச்சை. முற்றிய புற்றுநோய், பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம் என்று மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்களுக்கு மருத்துவர் தேவைப்படும் நேரம் குறைவு. மனிதர்கள் தேவைப்படும் நேரம் மிக அதிகம். கேரளத்தில் இதை அண்டைவீட்டார் கையில் கொடுத்தார்கள். 2001-இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கிய அண்டை அயலார் வலைப்பின்னலில், ஊர்க்காரர்கள் 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் களப்பயிற்சியும் முடித்து, செவிலியரோடு வீடு வீடாகப் போனார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் வந்து போகும் இரு நாட்களுக்கு நடுவில்தான் குடும்பம் திணறுகிறது. அந்த நாட்களில் ஒரு மணி நேரம் உட்கார ஒருவர் வந்தால், பகலிரவாகப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ குளித்துச் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயரலாம்.

ஒரு சிறு தெளிவு: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு ஊக்கத்தொகை பெறுபவர்கள். விரும்பியவர் நேரே போய்ச் சேரும் இடமல்ல அது.

வீட்டுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள் ஆபத்தானவை. படுத்திருப்பவருக்கு அன்போடு கஞ்சி ஊட்டுவார்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் முடியலாம். நிமிர்த்தி உட்கார வைக்க முடியுமா, விழுங்க முடிகிறதா என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்துப் புரட்டினால் தோல் உரிந்துவிடும், விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்தப் பழக வேண்டும். "கேன்சர்" என்ற சொல்லை நோயாளியிடம் குடும்பம் சொல்லாமல் வைத்திருக்கலாம். அதை உடைத்துச் சொல்வது உங்கள் வேலையல்ல, பொய் சொல்வதும் உங்கள் வேலையல்ல. "டாக்டர்கிட்ட சேர்ந்தே கேட்போம்" என்று சொல்லிவிட்டு, செவிலியரிடம் தெரிவியுங்கள்.

கண் தானத்திலும் உள்ளூரில் ஒருவர் வேண்டும். இறந்து 6 மணி நேரத்துக்குள் கருவிழி எடுக்கப்பட வேண்டும். துக்க வீட்டில் யாருக்கும் அந்த நினைவு வராது. செய்தி கேட்டவுடன் குடும்பத்திடம் மெதுவாகக் கேட்டு, கண் வங்கியை அழைத்து, குழு வரும்வரை செய்ய வேண்டியவற்றைச் செய்பவர் தேவை: மின்விசிறியை அணைப்பது, இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சு வைப்பது, தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துவது. கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி ஆகியோரும் தரலாம். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) பி அல்லது சி, வெறிநாய்க்கடி நோய் இருந்தவர்களிடம் எடுக்க மாட்டார்கள்.

மொழி தெரிந்தவர்கள் தங்கள் மதிப்பை உணர்வதில்லை. வேலூர் மருத்துவமனைகளுக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் இந்தி பேசும் தொழிலாளர்கள் நிறையப் பேர். மொழிபெயர்ப்பவர் செய்யும் தவறு சுருக்கிச் சொல்வது. "வயிறு வலிக்குதாம்" என்று சுருக்கினால், சாப்பிட்ட பிறகா, இரவிலா, எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதெல்லாம் போய்விடும். சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். உங்கள் அறிவுரையைச் சேர்க்காதீர்கள்.

காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் சத்துணவுப் பை தரும் நிக்ஷய் மித்ரா திட்டத்தில் தனிநபரும் சேரலாம். 2022 செப்டம்பரில் தொடங்கியது, குறைந்தது ஆறு மாதப் பொறுப்பு. பதாகையோடு வாசலில் போய் நின்று பை கொடுத்தால், தெரு முழுவதற்கும் அவர் நோய் தெரிந்துவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ரத்த தானத்தைத் திருவிழாவாக்குவது

தலைவர் பிறந்தநாளில் முந்நூறு பேர் ரத்தம் கொடுப்பார்கள். அடுத்த மூன்று மாதங்களுக்கு அந்த முந்நூறு பேரில் ஒருவராலும் கொடுக்க முடியாது. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாட்கள் வரைதான் வைத்திருக்கலாம். தட்டணுக்களை (பிளேட்லெட்) 5 நாட்கள். தலசீமியா என்ற பிறவி ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் ரத்தம் வேண்டும். ஆகவே ரத்த வங்கியில் பேசி, எந்த மாதம் எந்த வகை குறைகிறது என்று கேட்டு, ஆட்களைப் பிரித்து அனுப்புபவரே தேவை.

ரத்தம் கொடுப்பவருக்கு 18 முதல் 65 வயது, எடை 45 கிலோவுக்கும் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்கும் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்களுக்கு 90 நாட்கள், பெண்களுக்கு 120 நாட்கள் இடைவெளி. வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள். மயங்கி விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாட்ஸ்அப்பில் "அவசரம், ரத்தம் தேவை" என்று அனுப்பும்போது தேதி, மருத்துவமனை, ரத்த வகை, எத்தனை யூனிட், எத்தனை மணிக்குள் என்பதை எழுதுங்கள். கிடைத்ததும் அதே குழுவில் "கிடைத்துவிட்டது" என்று போடுங்கள். தேதியில்லாத செய்தி ஆண்டுக்கணக்கில் சுற்றி, முடிந்துபோன துயரத்துக்காக அந்தக் குடும்பத்துக்கு அழைப்புகளைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும்.

தயாராகாமல் வார்டுக்குள் நுழைவது

கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறாம் மாதம். மே மாத விடுமுறையில் பணிக்குப் போகத் திட்டமிடும் மாணவர் முந்தைய நவம்பருக்குள் தொடங்கியிருக்க வேண்டும். டயாலிசிஸ் பிரிவிலும் ரத்த வங்கியிலும் இது மிக அவசியம். சளியோ காய்ச்சலோ இருக்கும் நாளில் புற்றுநோய் வார்டுக்குப் போகாதீர்கள். உங்களுக்கு இரண்டு நாள் தும்மல், கீமோவில் வெள்ளணு குறைந்தவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. கைகழுவ சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 விநாடி. குழந்தைகள் வார்டுக்குத் துணிப் பொம்மை வேண்டாம், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடியதைக் கொடுங்கள்.

பயிற்சி பெறாமல் ஊசியைத் தொடாதீர்கள். சர்க்கரை அளக்க விரலில் குத்தும் ஊசிகூடத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில்தான் போக வேண்டும். குப்பைக்கூடையில் போட்டால் மறுநாள் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைச் சேகரித்துப் பகிர்வதும் வேண்டாம். வெளிநாட்டில் மருத்துவராக இருக்கும் உறவினர் இங்கே பதிவு பெறாதவர் என்றால், அவரை முகாமில் மருந்து எழுத வைக்காதீர்கள். நல்ல மனசு இருந்தாலும் அது சட்டவிரோதம்.

படம் எடுப்பது பற்றி ஒரு வரி போதும் என்று நினைக்கலாம், ஆனால் இந்தத் தவறு ஓயவில்லை. மனநல சிகிச்சையில் இருப்பவரின் படத்தையும் விவரத்தையும் அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது, எச்.ஐ.வி. நிலையை வெளிப்படுத்துவதற்கும் அதே ஆண்டுச் சட்டம் ஒன்று தடை விதிக்கிறது. சட்டம் பேசாத இடங்களிலும், படுத்திருப்பவரால் "வேண்டாம்" என்று சொல்ல இயலாத சங்கடத்தை நினைத்துப் பாருங்கள்.

சான்றிதழுக்காகச் சேர்வது, சொல்லாமல் நின்றுவிடுவது

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். இடத்தை நீட் மதிப்பெண்தான் தீர்மானிக்கிறது. தன்னார்வச் சான்றிதழுக்கு அதில் மதிப்பெண் இல்லை. அந்த நம்பிக்கையில் பெற்றோர் பணம் கட்டிச் சேர்க்கும் "மருத்துவமனை அனுபவ" வகுப்புகளில் எச்சரிக்கை வேண்டும். முதலுதவிப் பயிற்சிக்குக் கட்டணம் கேட்பது இயல்பு. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்க வைப்பதற்குப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். கல்லூரியில் படிப்பவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டமும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும் செலவில்லாத வழிகள்.

தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவையில் சேர விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1986-இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா போன்ற அமைப்புகள் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த பிறகே அழைப்புகளைக் கேட்க விடுகின்றன. அண்மையில் வீட்டில் இழப்பைச் சந்தித்தவர்கள் உடனே இதில் இறங்குவது அவர்களுக்கும் அழைப்பவருக்கும் நல்லதல்ல. காலம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணியிலிருந்து விலக நேர்ந்தால் ஒரு மாதம் முன்பே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் நோயாளியிடம் அடுத்து வருபவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். அவருக்குக் காது எந்தப் பக்கம் கேட்காது, மாத்திரையை எந்த டப்பாவில் வைத்திருப்பார், எந்தப் பேச்சை எடுத்தால் கலங்குவார் என்பதைப் புதியவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.