கடலடிக் கேமராவுக்கு ஸ்ட்ரோப் வாங்குமுன்

ஸ்ட்ரோப் விளக்கு (நீருக்கடியில் பயன்படும் ஃபிளாஷ்) வாங்கப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது அதன் சக்தி எவ்வளவு என்பதையே. அதற்கும் முன்னால், எதை, எந்த லென்ஸால், எவ்வளவு அருகில் நின்று படமெடுக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. ஏனெனில் மற்ற எல்லாத் தேர்வுகளும் அதிலிருந்தே பிறக்கின்றன.

தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்குகிறது. 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடுகிறது. மேலும் இறங்க இறங்க ஆரஞ்சும் மஞ்சளும் விடைபெற்று, நீலமும் பச்சையும் எஞ்சுகின்றன. 1926-ல் ஃபுளோரிடா முனைக்கு அப்பால் டிரை டோர்டுகாஸ் தீவுகளருகே உயிரியலாளர் லாங்லியும் ஒளிப்படக் கலைஞர் மார்ட்டினும் நீருக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது, கடலின் மேல் மிதவையில் மக்னீசியத் தூளை வெடிக்கவிட்டுத்தான் வேண்டிய ஒளியைப் பெற்றார்கள். இன்று அந்த ஒளியை மீனுக்கு ஒரு முழம் அருகிலேயே கொண்டுபோக முடிகிறது என்பதுதான் ஸ்ட்ரோப்பின் சிறப்பு. ஆனால் அதன் ஒளியும் அதே தண்ணீரைக் கடந்து மீனை அடைந்து, அங்கிருந்து லென்ஸுக்குத் திரும்ப வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் மீனுக்கு ஒளியின் பயணம் இரண்டு மீட்டர். எனவே ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எவ்வளவு பெரிய விளக்கும் நிறத்தைப் பெரிதாக மீட்டுத் தருவதில்லை.

சக்தியைக் குறிக்கும் ‘கைடு நம்பர்’ பெரும்பாலும் காற்றில், ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்திறன்) 100-க்கு, மீட்டர் கணக்கில் அளக்கப்பட்டது. நீருக்கடியில் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டு கணக்கிடுவது பாதுகாப்பானது. கைடு நம்பர் 33 உடைய பெரிய விளக்கு நீரில் 11 ஆகிறது. அதைத் தொலைவால் வகுத்தால் லென்ஸின் ஒளித் துளையான அபெர்ச்சரின் எஃப் எண் கிடைக்கும் (எண் கூடினால் துளை சிறிது). அதாவது ஒரு மீட்டர் தொலைவுக்கு எஃப் 11. கைடு நம்பர் 20 உடைய சிறிய விளக்கு அதே தொலைவில் எஃப் 7 அளவுக்குத்தான் கொடுக்கும். ஆனால் அரை மீட்டருக்கு நெருங்கினால் எஃப் 13 வரை போகலாம். கடல் நத்தையையும் குட்டி இறாலையும் 20 சென்டிமீட்டரில் எடுப்பவருக்குச் சிறிய விளக்கே மிகையாக இருக்கும் என்பதும், அவர் பெரிய விளக்குக்குச் செலவிடுவது தேவையற்றது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

வைடு ஆங்கிள் லென்ஸுக்கு நிலைமை வேறு. பவளப் பாறையை முன்னால் வைத்து, பின்னால் சூரியனையும் சட்டத்துக்குள் அடக்க விரும்பினால், சூரியனின் வெளிச்சத்தை அடக்க அபெர்ச்சரைக் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது ஸ்ட்ரோப்பிடம் உண்மையிலேயே பலம் வேண்டும். அதைவிட முக்கியமானது ஒளிக்கற்றையின் விரிவு. 100 பாகைக்கு மேல் விரியும் விளக்கைத் தேடுங்கள். டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பும் மூடி) மாட்டினால் அது இன்னும் விரியும், ஆனால் சக்தி சற்றுக் குறையும். நடுவில் பளீரென்றும் ஓரத்தில் இருட்டாகவும் விழும் ஒளி, எண்ணில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வெளிறிய நடுப்பகுதியையே தரும். வட்ட வடிவக் குழாய் கொண்ட விளக்குகள் பொதுவாகச் சீராகப் பரப்புகின்றன. ஒரே பெரிய விளக்கை விட நடுத்தரமான இரண்டையே நான் பரிந்துரைப்பேன்: நிழல் மென்மையாகும், ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

விளக்கைக் கேமராவோடு இணைத்துத் தாங்கும் கைகளுக்கும் (தண்டுகளுக்கும்) அதே கவனம் தேவை. லென்ஸுக்கும் மீனுக்கும் இடையிலுள்ள நீரில் மிதக்கும் துகள்களில் நேராக ஒளி பட்டால் படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தூவியதுபோல் ஆகிவிடும். விளக்குகளை லென்ஸுக்குப் பக்கவாட்டில் அகலமாக விரித்து, சற்றுப் பின்னுக்கு இழுத்து, வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். கைகள் குட்டையாக இருந்தால் இது நடக்காது. வைடு ஆங்கிளுக்கு நீளமான கைகளும், விளக்குகளின் எடையைத் தாங்கும் மிதவைகளும் சேர்த்தே வாங்குவது நல்லது. சிறு உயிர்களை மிக அருகில் எடுக்கும் மேக்ரோவுக்குச் சிறிய கைகள் போதும்.

அடுத்ததாக, வாங்கிய பின் மனம் கசந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: கேமரா ஸ்ட்ரோப்பை எப்படி இயக்கப் போகிறது? ஒளியிழைக் கேபிள் வழியாக இயக்கினால் கேமராவின் நீர்புகா உறையில் மின்கம்பிக்கான துளை வேண்டாம். உப்பு நீரில் அரிக்கும் இணைப்பும் இல்லை. ஆனால் கேமராவில் உள்ளமைந்த ஃபிளாஷ் இருக்க வேண்டும், அல்லது உறைக்குள் ஒரு எல்.இ.டி. தூண்டி பொருத்த வேண்டும். பல முழுச்சட்ட மிரர்லெஸ் கேமராக்களில் ஃபிளாஷே கிடையாது. உள்ளமைந்த ஃபிளாஷ் இருந்தாலும், படமெடுக்குமுன் அது விடும் முன்னொளியை ஸ்ட்ரோப் உண்மையான வெடிப்பாக எண்ணி ஏமாறாத வசதி உண்டா என்று பாருங்கள். கேமரா ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் கைமுறையாக வைத்தால் அது விரைவில் மீண்டும் தயாராகும்.

விரைவைப் பற்றிச் சொல்லும்போது, முழுச் சக்தியில் ஒருமுறை சுட்டபின் மீண்டும் தயாராக எத்தனை வினாடி ஆகிறது என்பதையும் பாருங்கள். மீன்கூட்டம் நம் வசதிக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு வினாடிக்கும் குறைவாக இருந்தால் நிம்மதி. ரீசார்ஜ் செய்யத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ‘ஏஏ’ செல்களில் ஓடுபவை பயணத்துக்கு எளிதானவை. எந்தத் தீவிலும் மாற்றுச் செல்கள் கிடைக்கும். சில மாதிரிகளில் பேட்டரி அறை மின்சுற்றிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓ-ரிங்கில் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஒரு முடி சிக்கி நீர் புகுந்தாலும் விளக்கு பிழைக்கும். இந்தப் பாடத்தை ஒரு விளக்கை இழந்தே கற்றேன்.

ஒளியின் மஞ்சள், நீலச் சாயலைக் குறிக்கும் வண்ண வெப்பநிலையில் 4500 முதல் 5500 கெல்வின் வரை எதுவும் பயன்படும். குறைந்த பக்கம் இருந்தால் பாறையின் நிறம் இதமாகவும் பின்னணிக் கடல் இன்னும் நீலமாகவும் வரும். இரண்டு விளக்குகள் வாங்குகையில், இரண்டையும் ஒரே மாதிரியாகவே வாங்குங்கள்.