கறுப்பின நடுத்தர வர்க்கப் பகுதிகளில் வீடு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வசதியான கறுப்பினக் குடும்பங்கள் திரளாக வாழும் இடங்கள் எவை என்று கேட்டால், எல்லோரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள்: வாஷிங்டனை ஒட்டிய பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது), அட்லாண்டாவின் தென்மேற்குப் பகுதி, சிகாகோவின் சாத்தம், லாஸ் ஏஞ்சலஸின் வியூ பார்க். பட்டியலில் பிழையில்லை. அதை மட்டும் நம்பி வீடு வாங்கக் கிளம்புவதுதான் முதல் தவறு.

பிரின்ஸ் ஜார்ஜஸையே எடுத்துக்கொள்வோம். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 9.67 லட்சம் பேர். வாஷிங்டனைச் சுற்றி ஓடும் பெல்ட்வே சாலைக்கு உள்ளே பழைய அடுக்குமாடிகளும் சிறிய வீடுகளும். வெளியே மிட்செல்வில், அப்பர் மார்ல்பரோ பக்கம் போனால் இரண்டு கார் நிறுத்தும் கராஜோடு பெரிய செங்கல் வீடுகள். 'சராசரி வருமானம்' என்ற ஒற்றை எண்ணுக்குள் இரண்டும் அடக்கம். சில ஆண்டுகளாக, வசதியான கறுப்பினக் கவுன்ட்டிகளில் முதலிடத்தைத் தெற்கே உள்ள சார்ல்ஸ் கவுன்ட்டிக்குக் கொடுக்கிறார்கள். அங்குள்ள வால்டார்ஃபில் அதே பணத்துக்குப் பெரிய வீடு கிடைப்பது உண்மைதான். ஆனால் அங்கே மெட்ரோ ரயில் கிடையாது. வேலைநாள் காலையில் ரூட் 5 வழியாக வாஷிங்டனுக்கு ஒருமுறை கார் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்து, ஏஜென்ட்டிடம் "கறுப்பர்கள் அதிகம் இருக்கும் நல்ல ஏரியாவாகக் காட்டுங்கள்" என்று கேட்பது. நீங்களே கறுப்பினத்தவராக இருந்தாலும் அவர் பதில் சொல்ல மாட்டார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில் கையெழுத்தான நியாய வீட்டுவசதிச் சட்டம், இனத்தைப் பார்த்து வாடிக்கையாளரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவதைத் தடுக்கிறது. ஆகவே அந்த வேலை உங்களுடையது. சென்சஸ் துறையின் ஐந்தாண்டுத் தரவில் 'டிராக்ட்' என்னும் சிறு வட்டாரம் வரை இன விகிதம், வருமானம், சொந்த வீட்டில் குடியிருப்போர் பங்கு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். வட்டாரத்தை முடிவு செய்துகொண்டு, ஏஜென்ட்டிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அட்லாண்டாவில் சிக்கல் வேறு மாதிரி. தபால் முகவரியில் அட்லாண்டா என்றிருந்தால் அது அட்லாண்டா மாநகரம் என்று பொருளில்லை. அட்லாண்டாவைச் சுற்றியுள்ள சவுத் ஃபுல்டன், ஸ்டோன்கிரெஸ்ட் இரண்டும் 2017-இல்தான் தனி நகரங்களாயின. சவுத் ஃபுல்டனில் பல வீடுகளுக்கு இன்றும் பக்கத்து ஊரின் தபால் முகவரிதான். எந்த போலீஸ், எந்தப் பள்ளி வாரியம், யாருக்கு வரி என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. கவுன்ட்டியின் நில வரைபடத்தில் வீட்டு முகவரியைப் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி விலை. இங்கேதான் பெரும்பாலோர் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். விலை குறைவு என்றதும் 'ஏரியா சரியில்லை போல' என்று ஒதுங்குவது ஒரு வகை. 2018-இல் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, வீட்டின் தரத்தையும் சுற்றுவட்டார வசதிகளையும் ஈடுகட்டிப் பார்த்த பிறகும், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள பகுதிகளில் வீடுகள் சுமார் 23 சதவீதம், அதாவது சராசரியாக 48,000 டாலர், குறைத்து மதிக்கப்படுகின்றன என்றது. குறைந்த விலைக்குக் காரணம் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மறுவகையினர் 'மலிவாகக் கிடைத்தது' என்று குதிக்கிறார்கள். வாங்கும்போது குறைத்துப் போட்ட மதிப்பீட்டாளர் விற்கும்போதும் குறைத்துத்தான் போடுவார். நீண்ட காலம் குடியிருக்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு பெரிதாகக் கடிக்காது. ஐந்து வருடத்தில் விற்கும் திட்டம் என்றால் யோசிக்க வேண்டும்.

கடனில் இன்னும் கவனம் வேண்டும். 2007-க்குப் பிறகு வீட்டுக்கடன் சந்தை சரிந்தபோது, மேரிலாந்திலேயே அதிக வீடுகள் ஜப்திக்குப் போனது பிரின்ஸ் ஜார்ஜஸில்தான். நல்ல கடன் வாங்கத் தகுதி இருந்தவர்கள் தலையிலும் சப்பிரைம் என்னும் அதிக வட்டிக் கடன் கட்டப்பட்டது. கறுப்பின, ஹிஸ்பானிய வாடிக்கையாளர்களிடம் பாகுபாடு காட்டியதாக நாடு முழுவதிலிருந்தும் எழுந்த புகார்களைத் தீர்க்க 2012-இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 175 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. பில்டர் கைகாட்டும் ஒரே கடன் நிறுவனத்தோடு நிற்காமல், குறைந்தது இன்னும் இரண்டு இடத்தில் வட்டி விகிதம் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். பிரின்ஸ் ஜார்ஜஸில் புது வீடு வாங்குபவர்கள் ஒப்பந்தத்தில் தண்ணீர், கழிவுநீர் இணைப்புக் கட்டணம் பற்றிய பக்கத்தையும் படிக்க வேண்டும். குழாய் போட்ட செலவைத் திரும்பப் பெற, பல ஆண்டுகளுக்கு வருடாந்தரமாக ஒரு தனியார் நிறுவனம் வசூலிக்கும் தொகை அது. வழக்கமான தண்ணீர் பில்லில் சேராது.

பள்ளிக்கு இணையதளம் போடும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைத்தான் காட்டும். பள்ளிக்கே போய் வகுப்பைப் பார்ப்பது மேல்.

பகுதி இன்றிருப்பதுபோலவே நாளையும் இருக்கும் என்று எண்ணுவதும் தவறுதான். வியூ பார்க் 2016-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தபோது, அதனால் வெளியாட்கள் குவிந்து தங்கள் வட்டாரத்தின் முகமே மாறிவிடும் என்று குடியிருப்பவர்களில் ஒரு சாரார் எதிர்த்தார்கள். 2022-இல் பக்கத்து கிரென்ஷா சாலையில் ரயிலும் வந்துவிட்டது. கறுப்பின அண்டை அயலுக்காகவே அங்கு போகிறவர்கள் 2000, 2010, 2020 கணக்கெடுப்புகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். சாத்தத்தில் மாறியது வேறு: 2019-இல் டார்கெட் என்னும் பெரிய பல்பொருள் கடை மூடப்பட்டது. சொந்த வீட்டுக்காரர்கள் நிறைந்த வட்டாரத்துக்கே இந்த நிலை.

சிகாகோவின் தெற்குப் புறநகர்களான ஃப்ளாஸ்மூர், ஒலிம்பியா ஃபீல்ட்ஸில் வீட்டின் அளவையும் விலையையும் பார்த்தால் ஆசை வரும். சொத்து வரியைப் பார்த்தால் தலை சுற்றும். வரி கட்டக் கடைகளும் ஆலைகளும் குறைவு, சுமை வீடுகள் மேல் விழுகிறது. விளம்பரத்தில் போட்டிருக்கும் வரித் தொகை, மூத்த குடிமக்களுக்கான சலுகை கழித்தது போக மிஞ்சியதாக இருக்கலாம். வீடு கைமாறினால் அந்தச் சலுகை உங்களோடு வராது. இந்த ஊர்கள் அடங்கிய குக் கவுன்ட்டியின் இணையதளத்தில் பழைய பில்லை எடுத்து, சலுகைகள் இல்லாமல் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.